ஆமை சுட்ட சுவர்

கடையில் ஆள் வராத மதிய நேரத்தில், மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் விளையாட்டுப் படத்தை ஓடவைக்கிற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்றுமில்லை, இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒன்று வேகம், ஆனால் சூடாகும். இன்னொன்று சூடாகாது, ஆனால் அடுத்த வருடத்து விளையாட்டுகளுக்குத் தாங்காது. இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று ஆறு மாதத்தில் வரப்போகிறது என்று எவனாவது ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருப்பான். சரி, அது வரட்டும் என்று மூடிவிடுவேன். அது வந்ததும் அதற்கடுத்ததைப் பற்றி எழுத ஆரம்பிப்பார்கள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆள் இல்லை நான். கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருகிறவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, சட்டை எடுக்கப் போனால்கூட அந்தக் கேள்விதான் வாயில் வருகிறது.

இந்தக் கார்டு விஷயம் என் ஒருவனோடு முடிவதாக இருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நான் புதிது வாங்கினால் பழையது என் மச்சினனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு. ஏழு வருடத்துக்கு முன் அப்படித்தான் என் முதல் கார்டு அவன் கைக்குப் போனது. "அடுத்தது வாங்கறப்ப இப்ப இருக்கறதும் உனக்குத்தான்டா" என்று அன்றைக்கே பெரிய மனது பண்ணிச் சொல்லிவைத்தேன். சொன்னவனுக்கு மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஆட்டம். அவரவர் வீட்டில் அவரவர் கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன். ஒரு கோட்டைக்குள் நுழைந்து, எதிராளிகளைச் சுட்டுத் தள்ளி, உள்ளே இருக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வெளியே வரவேண்டும். நாங்கள் மூன்று பேர். தலைவர் பேக்கரி. பேக்கரி வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். விடிவதற்கு முன் எழுந்து மாவு பிசைகிற மனிதருக்கு வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் ராஜ்யம். என்னைக் கண்ணாடி என்பார். மச்சினனுக்குப் பெயர் வைத்தது நான். ஆமை.

அவன்தான் எப்போதும் முதலில் சாவான். கதவைத் தாண்டக் கடைசி ஆளாக வருவான், வந்ததும் விழுவான். போதாக்குறைக்கு, எதிராளி வருவதற்கு முன்பே வெறும் சுவரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பான். "அந்தச் சுவர் உனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?" என்று பேக்கரி கேட்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவனும் சிரிப்பான். ஆமை என்று கூப்பிட ஆரம்பித்த அடுத்த வாரமே விளையாட்டில் தன் பெயரை ஆமை என்று மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

அவனுடைய கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்துபோனது. அதன்பிறகு ஒற்றை அறையில் தனியாக இருந்தான். குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கிற வேலை. அங்கே வாயைத் திறந்தால் புகைதான் வரும் மாமா, பேச்சு வராது என்பான். எங்கள் வீட்டுக்கும் வரமாட்டான். வந்தால் அக்கா அழுவாள் என்று பயம். ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் டாணென்று வந்துவிடுவான். ஆட்டத்தின் நடுவில் என் மனைவி வந்து பக்கத்தில் நிற்பாள். நான் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிப் பிடிப்பேன். தம்பி சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, போதும் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போவாள்.

போன வருடம் ஒரு சின்னப் போட்டி அறிவித்தார்கள். பேக்கரிக்கு ஆசை வந்துவிட்டது. "உன் மச்சானை வச்சுக்கிட்டு மொதக் கதவைக்கூடத் தாண்ட முடியாது கண்ணாடி. நீயே பக்குவமா சொல்லிடு" என்றார். அவர் கடையில் கேக் மேல் பூ வரைகிற பெண் ஒருத்தி நன்றாகச் சுடுவாளாம். நான் அவனைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நேரில் போயிருக்கலாம். எழுதி அனுப்பினேன். 'போட்டி முடியற வரைக்கும் நீ கொஞ்சம் ஒதுங்கி இருடா.' ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 'சரி மாமா' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு கட்டைவிரல். காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். கேக் பெண்ணும் போய்விட்டாள். ஆமை மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டால், வேலை மாமா என்பான். வேலைதான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் கடையில் கார்டு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கூப்பிட்டாள். தம்பிக்கு வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். நாளை மறுநாள் கிளம்புகிறானாம்.

"திடீர்னு எப்படி மாத்துனாங்க?"

"அவங்க மாத்தலை. இவனே கேட்டு வாங்கியிருக்கான்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு கார்டை ரெண்டு வருசமாப் பாக்கறீங்க. என் தம்பிய ஒரு தடவை போய்ப் பாக்கலை."

கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி. நான் போனபோது துணிகள் பையில், பாத்திரங்கள் ஒரு அட்டைப்பெட்டியில், மெத்தை சுருட்டி மூலையில். கம்ப்யூட்டர் மட்டும் மேசைமேல் பாக்கி இருந்தது. என்னைப் பார்த்ததும் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மெலிந்திருந்தான். "டேப் தீந்துபோச்சு மாமா, கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். எங்கள் விளையாட்டு அதில் இன்னும் இருந்தது. திறந்தால், மூலையில் ஆமை என்ற பெயர். அந்தப் பழைய கோட்டையில் தனியாகப் பழகுகிற ஆட்டம் ஒன்று உண்டு, அதற்குள் போனேன். முதலில் கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தேன். நடந்தால், நின்று நின்று நகர்ந்தது. கதவைத் திறந்தேன், நான் உள்ளே போன பிறகுதான் கதவு திறந்தது. எதிராளியின் காலடிச் சத்தம் காதில் கேட்கிறது, ஆள் இல்லை. எதிரே வெறும் சுவர். ஆள் கண்ணுக்குத் தெரிந்தபோது நான் ஏற்கெனவே செத்துக் கிடந்தேன். நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் அதே கதவில், அதே மாதிரி. நான் கொடுத்த அந்தப் பழைய கார்டு திணறாமலிருக்க, படத்தில் எல்லாவற்றையும் குறைக்க முடிந்த மட்டும் குறைத்துத்தான் வைத்திருந்தான்; மரத்துக்கு இலை இல்லை, ஆட்களுக்கு முகம் இல்லை. ஐந்தாவது தடவை, ஆள் எந்த இடத்தில் வருவான் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, யாரும் வருவதற்கு முன்பே அந்தச் சுவரைப் பார்த்துச் சுட்டேன். அப்போதுதான் ஒருவன் விழுந்தான்.

என் கடைக்கு அப்படி ஆட்கள் வருவார்கள். எழுத்துப் பலகை தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கி, மனப்பாடமாகக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர்களை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவேன். பலகையைத் திருப்பி வைத்தால் முடிந்தது. அதைப் பெருமையாக ஆட்டத்துக்கு நடுவில் சொல்லிக்காட்டியிருக்கிறேன், இவனும் கேட்டிருக்கிறான். அவ்வளவு வருடம் இவன் கோட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டேப்போடு வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"இப்படியாடா இத்தனை நாளும் ஆடுன?"

"ஆமா மாமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுதுன்னு நெனச்சேன். நான்தான் லாயக்கில்லைன்னு." டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னான். "அப்புறம் ஒரு நாள் நீங்க ஆடுனதைப் பதிவு பண்ணி அனுப்புனீங்கல்ல. அதுல அந்த மரத்துக்கெல்லாம் இலை இருந்துச்சு."

"அப்பவாவது கேட்டிருக்கலாமேடா."

"நீங்க இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லிட்டே இருந்தீங்களே மாமா. நான் கேட்டா எனக்காக வாங்கற மாதிரி ஆயிடும்."

அதில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். என் கார்டு அவன் கம்ப்யூட்டரில் பொருந்துமா, அதில் வருகிற மின்சாரம் கார்டுக்குப் போதுமா என்றெல்லாம் யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம் படித்ததில் அதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. மனைவி வந்து பார்த்தாள்.

"புதுசு வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

உள்ளே போய், சுற்றி எடுத்துப் போக ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கம்ப்யூட்டரையும் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டான். "ஒட்டியாச்சு மாமா" என்றான், துண்டைப் பார்த்துக்கொண்டே. பிரிடா என்றேன். அவன் அசையவில்லை. நானே உட்கார்ந்து பிரித்தேன்.

"அப்ப உங்களுக்கு?"

"உன்னோடத நான் எடுத்துக்கறேன்."

"அதுல உங்களால ஆட முடியாது மாமா."

திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன், அவன் பிடித்துக்கொண்டு நின்றான். மாட்டி முடித்ததும், போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். மறுபடி டேப்பை எடுத்து, முன்பு ஒட்டியதைவிட இறுக்கமாக ஒட்டினான்.

"ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு நாங்க இருப்போம்டா."

"பாக்கலாம் மாமா."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்டு விஷயத்தில் இரண்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த பதில் அதுதான்.

அவன் போய் மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. அவன் கார்டில்தான் ஆடுகிறேன். முதலில் சாகிறவன் இப்போது நான். "என்ன கண்ணாடி, மச்சான் போனதும் நீ ஆமையாயிட்டியா?" என்று பேக்கரி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "கேக் பொண்ணையும் கூப்பிட்டு, உன் மச்சானுக்கும் ஒரு இடம் விட்டு, நாலு பேரு ஆடற மாதிரி மாத்தி வச்சுடறேன்" என்றார். போன வாரம் நான் சுவரைச் சுட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு மூன்று அடித்துப் பத்து நிமிடம். கேக் பெண்ணும் வந்திருக்கிறாள். கோட்டை வாசலில் நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம், நான்காவது இடம் காலி. வலப்பக்கப் பட்டியலில் ஆமை என்ற பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. வந்தால் பச்சையாகும்.

"ஆரம்பிக்கலாமா கண்ணாடி?"

"ஒரு நிமிசம் இருங்கண்ணே."

திரை அசையாமல் நின்றுவிட்டது. இந்தக் கார்டில் அப்படித்தான், எது நடந்தாலும் கண்ணுக்குக் கடைசியில்தான் தெரியும், சத்தம்தான் முதலில் வரும். பின்னால் மனைவி வந்து நிற்பது தெரிந்தது. வழக்கம்போல ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிப் பிடித்தேன். அவள் குனிந்து காதை வைத்தாள்.