புள்ளி ஏறாத பிறகும்

திருவனந்தபுரம் கரமனையில் தாணுமாலயன் வீட்டு வாசலில் அடிபட்ட கிழங்குகள் விழத் தொடங்கியது ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம். கிழங்கு என்பது தெரு வைத்த பெயர். தாணுமாலயன் போனில் அவற்றை அடித்துச் சாய்த்த விளையாட்டில் அந்த ஜந்துவுக்கு வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர் இருந்தது. சீனிக்கிழங்கின் நிறம், ஏறக்குறைய அதே அளவு, பின்னால் ஒரு சின்ன வால். பயந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும், திருப்பி அடிக்கத் தெரியாது. வாசலில் விழுந்ததும் ஒரு உலை அரிசி வேகும் நேரம் மயங்கிக் கிடக்கும். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து போய்விடும். தெருவுக்கு இது பெரிய தொந்தரவாகத் தோன்றவில்லை. ஸ்கூட்டர்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி ஓட்டினார்கள். பிளாஸ்டிக் எடுக்க வருகிற பெண்கள் மட்டும், உயிருள்ளதை எடுக்க எங்களுக்கு ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாணுமாலயன் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியில் செக்‌ஷன் தலைவர். வீட்டில் அவனும் மனைவி பொன்னம்மையும் மட்டும்தான். நாற்பது தாண்டிய மனிதன் பஸ்ஸில், லிப்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என்று போனை வைத்துக்கொண்டு ஜந்துக்களைப் பிடிப்பான், பழக்குவான், முகம் தெரியாதவர்கள் வளர்த்த ஜந்துக்களோடு மோதவிடுவான். அவனுடைய செல்லம் சூரன். காண்டாமிருகத்துக்குச் சிறகு வைத்தால் எப்படியோ அப்படி இருக்கும். பிடித்தால் மட்டும் போதாது, பழக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பான். வேகம், பலம், தாங்கும் சக்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு. எதைத் தோற்கடிக்கிறோமோ அதைப் பொறுத்துப் புள்ளி சேரும். கிழங்கைத் தோற்கடித்தால் தாங்கும் சக்தி கூடும். தோற்றது பலசாலியா நோஞ்சானா என்ற கேள்வி அங்கே அநேகமாக இல்லை. மலை மாதிரி ஒன்றோடு மல்லுக்கட்டி, மூச்சுத் திணறி ஜெயிக்கிற நேரத்தில், புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் கிழங்குகளை ஒவ்வொரு மிதியாக மிதித்து அதைவிடப் பல மடங்கு சேர்த்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவன் எவனும் பலசாலியைத் தேடிப் போகமாட்டான்.

தெருச் சங்கத்துச் செயலாளர் பகவதிப்பெருமாள் ஒரு நாள் காலை வாக்கிங்கை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காலடியில் கிடந்த ஒரு கிழங்கைக் குனிந்து பார்த்தார். “அப்போ திருப்பி அடிக்காததாப் பாத்து அடிக்கணும். அதாக்கும் வித்தை, இல்லியா மக்கா?” என்றார். “அப்படியில்ல அண்ணாச்சி, இது ஒரு எபிஷியன்சி” என்றான் தாணுமாலயன். “செரி, செரி. உனக்க சூரனுக்கு இது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார். தாணுமாலயனுக்குக் காது மடல் சுட்டது. மறுநாளிலிருந்து தெருவில் யார் கண்ணிலும் படாமல் ஆபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தான். அங்கே மிதித்தாலும் இங்கே வீட்டு வாசலில்தான் வந்து விழுந்தன. ஒருவன் மறைவில் என்ன செய்கிறான் என்பது இப்படித் தினமும் காலையும் மாலையும் தெருவுக்குத் தெரிந்துகொண்டிருந்தால் அவன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான், சொல்லுங்கள்.

வெட்கம் இருந்ததே தவிர நிறுத்தினானா என்றால் இல்லை. புள்ளிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டுவிட்டால் பிறகு எத்தனை கிழங்கைச் சாய்த்தாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. சூரன் அந்த எல்லையைப் புரட்டாசியிலேயே தொட்டாயிற்று. அது அவனுக்கும் தெரியும். விரல்தான் நிற்கவில்லை. ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, எந்த லாபமும் இல்லாமல் கிழங்குகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. பொன்னம்மை மட்டும் ஒரு எவர்சில்வர் போகினியில் சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டு எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். அவை ஒரு கண்ணை மட்டும் திறந்து குடிக்கும். அவள் எதுவும் கேட்கமாட்டாள். அந்தக் காலத்தில் அவள் பேச்சே குறைந்துபோயிருந்தது.

பொன்னம்மை அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபோது அவளுக்கு மலையாளத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் ஆசை இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் முதலில் கட்டிக்கொண்டு, கழுத்தை லேசாக நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாக வெளியே எடுத்து வைப்பாள். கல்யாணமான புதிதில் மேனேஜர் வீட்டுக்கு டீக்குப் போனார்கள். அவள் அப்படி ஒரு வாக்கியத்தில் பாதி வந்திருந்தபோது தாணுமாலயன் குறுக்கே புகுந்து, அவளைப் போலவே கழுத்தை நீட்டி, அவள் குரலிலேயே மீதியைச் சொல்லிக் காட்டினான். அறை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் அவன் முதுகில் தட்டி, “தான் கொள்ளாமல்லோடோ”, ஆள் தேவலையே, என்றார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, அந்த ஆபீஸில் அதுவரை யாரும் திரும்பிப் பாராமல் ஒரு மூலையில் கிடந்தவன் அன்றைக்கு முதல்தடவையாக அவர்களில் ஒருவன் ஆனான். பொன்னம்மையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

அந்த ருசி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஓண விருந்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், யாரையாவது ரயிலேற்றப் போகிற இடத்தில் என்று பேச்சு தொய்கிற நேரமெல்லாம் பொன்னம்மையின் மலையாளம் அவனுக்குக் கைகொடுத்தது. வருஷங்கள் போயின. அவன் செக்‌ஷன் தலைவர் ஆனான். ஆளை மயக்குகிற பேச்சுக்காரன் என்று பெயர் எடுத்தான். பொன்னம்மை முதலில் கடைகளில் விரலைக் காட்டிச் சாமான் வாங்கத் தொடங்கினாள். பிறகு பஸ்ஸில் சில்லறையை நீட்டிவிட்டுப் பேசாமல் நின்றாள். கடைசியில் வீட்டுப்படி தாண்டினால் வாயைத் திறப்பதே இல்லை என்றாயிற்று. இனிமேல் அவளைக் காட்டி அவன் சம்பாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு ராஜபாய் டீச்சர் புது மாடி கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு பொன்னம்மை துணிந்து டீச்சரின் தோழிகளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து அவன் கழுத்தை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், ராஜபாய் உட்பட. பொன்னம்மை இந்தத் தடவை சிரிக்கவில்லை. மறுநாள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போனாள். போனவள் பத்து நாள் கழித்து ஒரு போன் செய்தாள். “ஞாயித்துக்கெழம காலையில வாரேன். வந்து ஒரு விசயம் பேசணும்.” அவ்வளவுதான் சொன்னாள். அவள் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குத்தான் அவனுக்கு முதல்தடவையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கதவைத் திறந்தபோது வாசலில் கிழங்கு ஒன்றுகூட இல்லை. பொன்னம்மைகள் கிடந்தார்கள். கேட்டிலிருந்து தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும், ஒருவர்மேல் ஒருவர் படாமல், மயங்கிக் கிடந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சேலையில் இருந்தாள். படியோரம் அரக்குப் பட்டில் கிடந்தவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. அது மேனேஜர் வீட்டுக்கு டீக்குப் போன அன்றைக்கு உடுத்தியது. ஓணத்துக் கசவுச் சேலையில் இரண்டு மூன்று பேர். தலையில் பிச்சிப்பூவோடு ஒருத்தி. கடுகு மஞ்சள் சேலையில் கடைசியாகக் கிடந்தவளுக்கு முன்நெற்றியில் நரை. தாணுமாலயனுக்கு ஒரு சேலைகூடத் தெரியாமல் இல்லை. எந்தச் சேலை எந்த வீடு, எவர் எவர் சிரித்தார்கள் என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உடம்பெல்லாம் கூசியது. ஊரிலிருந்து பொன்னம்மையின் ரயில் வருவதற்குள் ஒளித்துவிட வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனான். கட்டில் நிறைந்தது, ஹால் நிறைந்தது, அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. வெளியே பாதித் தெரு இன்னும் பாக்கி இருந்தது.

பிரஷை வாயில் வைத்துக்கொண்டு வந்த ராஜபாய் டீச்சர் கடுகு மஞ்சள் சேலைக்காரியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “இது எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு உடுத்ததாக்குமே” என்றாள். பிறகு, “நானும் சிரிச்சேன்” என்று சொல்லிவிட்டு வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பகவதிப்பெருமாள் வந்தார், தன் மகன் கல்யாணத்துக்கு வந்த பொன்னம்மையை அடையாளம் கண்டுகொண்டு, துண்டை எடுத்து அவள் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அந்தத் தெருவில் ஏதோ ஒரு சேலைக்கு முன்னால் சிரிக்காத வீடு ஒன்றும் இருக்கவில்லை.

ஆட்டோவில் வந்து இறங்கிய பொன்னம்மை பையைக் கீழே வைத்தாள். அலறவில்லை, அழவும் இல்லை. தெருக்கோடிவரைக்கும் ஒரு தடவை மெள்ளப் பார்த்தாள். தாணுமாலயன் அரக்குப் பட்டுக்காரியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் திருடனைப் போல நின்றான். “எறக்கி விடுங்க அவள” என்றாள். ஆட்டோக்காரரிடம், “சேட்டா, ஒண்ணு நில்க்கணே” என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே கிடந்தவர்களையும் உள்ளே கிடந்தவர்களையும் ஒவ்வொருத்தியாகக் கையைக் கொடுத்து எழுப்பினாள். பிறகு படியில் உட்கார்ந்து, “பேசணும்னு சொன்னேம்லா. நான் பேசண்டாம். இவளுவளே பேசட்டும்” என்றாள்.

எழுந்தவர்கள் பேசினார்கள். ஒவ்வொருத்தியும் தாணுமாலயன் குறுக்கே புகுந்து அறுத்த இடத்திலிருந்து தன் வாக்கியத்தை எடுத்து, கழுத்தை லேசாக நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தாள். அரக்குப் பட்டுக்காரி, மேனேஜர் சார் இருமுகிறார், டீயில் ஒரு துண்டு சுக்குத் தட்டிப் போட்டால் கேட்கும் என்றாள். ஓணச் சேலைக்காரி ஒருத்தி, பூக்கோலம் ரொம்ப அழகு, எனக்கும் ஒரு வரிசை இடச் சொல்லித்தருவீர்களா என்று கேட்டாள். கடுகு மஞ்சள் சேலைக்காரி, டீச்சர் மாடியிலிருந்து பார்த்தால் ஆறு தெரிகிறது, சாயங்காலம் சும்மா வந்து நிற்கலாமா என்றாள். வெள்ளைச் சேலையில் ஒருத்தி இருந்தாள்; மேனேஜரின் அம்மா இறந்தபோது துக்கம் கேட்கப் போனவள். அங்கேயும் அவன் விட்டிருக்கவில்லை, வெளியே செருப்பு மாட்டுகிற இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைத்திருந்தான். அவள் சொன்னாள், என் அம்மா போன பிறகு அவள் குடித்த டம்ளரை ஒரு வருஷம் என்னால் தொட முடியவில்லை, உங்களுக்கும் முடியாவிட்டால் தொட வேண்டாம், அது தப்பில்லை என்று. இத்தனை சாதாரணமான பேச்சைத்தான் இத்தனை வருஷமாக முடிக்க விடவில்லை. வெயில் உச்சிக்கு வந்தும் யாரும் நகரவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தாணுமாலயன் கேட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

கடைசிக்காரி முடித்ததும் பொன்னம்மை அவன் பக்கம் திரும்பினாள். “இவ்வளவுதானா? இன்னும் உண்டுமா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சேலைகள் எல்லாம் அங்கே இருந்தன. இவ்வளவுதான் என்று அவன் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியும் இருப்பாள், ஒருவேளை வீட்டுக்குள் வந்தும் இருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “இன்னும் உண்டு. நீ இல்லாத எடத்துலயும் உண்டு. ஆபீஸ்ல டீ குடிக்கச்சில எல்லாம்” என்றான். சொல்லி வாய் மூடவில்லை, மாடியிலும் மதிலோரத்திலும் கிணற்றடியிலும் தொப்புத் தொப்பென்று வந்து விழுந்தார்கள். இவர்கள் எல்லோரும் வீட்டில் உடுத்துகிற சாயம் போன நைட்டியில் இருந்தார்கள். எழுந்தார்கள். முடிக்க இவர்களிடம் எந்த வாக்கியமும் இல்லை. அங்கே இருந்திருந்தால்தானே பேசியிருப்பார்கள். அவனையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பொன்னம்மை இவர்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, “நான் ஊருக்குப் போறேன். இவளுவளுக்கு நேரத்துக்குச் சோறு போடுங்க” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஆட்டோவில் ஏறிப் போனாள்.

இது நடந்து மூன்று ஓணம் கழிந்துவிட்டது. கிழங்குகள் பிறகு விழவில்லை. சூரன் எல்லாப் புள்ளியும் நிறைந்து போனுக்குள் எங்கேயோ நிற்கிறது, தாணுமாலயன் அதைத் திறப்பதில்லை. பால்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு டிரே இறக்குகிறார். தெருச் சங்கம் ஆலோசித்து, தண்ணீர்த் தொட்டி ஒன்று கூடுதலாக வைக்க அனுமதி கொடுத்தது. சாயங்காலம் ராஜபாய் டீச்சர் மாடியில் நாலைந்து பொன்னம்மைகள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பஸ் ஸ்டாப்பில், மீன் சந்தையில், ரேஷன் கடையில் எங்கேயாவது ஒருத்தி கழுத்தை நீட்டி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தால், அவள் முடிக்கும்வரை எல்லோரும் நின்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வரும். அவனிடம் அவள் நலம்கூட விசாரிப்பதில்லை; அவளுவகிட்ட குடுங்க என்பாள். அவன் ஸ்பீக்கரைப் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். நைட்டிக்காரிகள்தான் முதலில் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்துப் பொன்னம்மையும் இந்தப் பக்கத்துப் பொன்னம்மைகளும் மலையாளத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், நடுநடுவே ஒருத்தி அவனைத் திரும்பிப் பார்ப்பாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கை வலித்தால் அவன் கையை மாற்றிப் பிடித்துக்கொள்வான்.