உட்காராமல் எழுவது எப்படி

"எந்திரிக்கட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்கல. உக்காரத்தான் கூடாது!"

புருஷனின் அண்ணன் போட்ட சத்தத்தில், பூட்டுக்காரர் மனைவி சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது இடது கை. வலது மணிக்கட்டு போன மாதம் அவள் வழுக்கி விழுந்ததில் சுள்ளிபோல முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. எலும்பெல்லாம் உளுத்துக் கிடக்கிறதாம். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போகும், அப்புறம் படுக்கைதான். தொடையில் பலம் ஏறினால்தான் விழாமல் இருக்கலாம். அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழ வேண்டும். வேளைக்குப் பத்துத் தடவை, மூன்று வேளை. பிசியோ டாக்டரம்மாவின் உத்தரவு.

டாக்டர்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாதுதான். ஆனால் முறிந்த எலும்பு பொய் சொல்லாதே.

அந்த வீட்டுச் சட்டம் வேறு. மூத்தார் உட்கார்ந்திருக்கும்போது தம்பி மனைவி நாற்காலியில் உட்காரக் கூடாது. அவரோ விடிந்தது முதல் விளக்கு வைக்கிறவரை உட்கார்ந்தே இருப்பார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் ஊரையே எழுப்பிவிட்டவர். இருப்பது ஒரே கூடம். அடுப்படியில் நாற்காலி போட்டால் ஆள் வெளியே நிற்க வேண்டும்.

"நின்னுக்கிட்டே எந்திரிச்சா ஆகாதா?" என்று சமரசம் பேசினார் பூட்டுக்காரர். ஊரில் எந்தப் பூட்டையும் திறப்பார். அண்ணனை எதிர்த்து வாய் திறக்க மாட்டார்.

"நின்னவ எப்படிங்க எந்திரிப்பா?"

"நாக்குல எலும்பில்லல்ல, அதான் அது மட்டும் தேயல!" என்றார் மூத்தார்.

பத்து நாள் பயிற்சியே நடக்கவில்லை. பதினோராம் நாள், வராத நோயாளியைத் தேடி டாக்டரம்மாவே வந்துவிட்டார். மூத்தாருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"செஞ்சு காட்டுங்கம்மா."

"மாமா உக்காந்திருக்காரே..."

"அவர் உக்காந்தா உங்க தொடைக்கென்ன?"

அவள் யோசித்தாள். இடுப்பு ஒடிந்து கிடந்தால் மூத்திரச் சட்டி எடுக்க இந்த மரியாதையா வரப்போகிறது?

உட்கார்ந்தாள்.

மூத்தார் விசுக்கென்று எழுந்தார். அவர் நின்றுவிட்டால் சட்டம் மீறியதாகாதே! அவள் எழுந்தாள், அவர் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்தாள், அவர் எழுந்தார்.

டாக்டரம்மா பூரித்துப்போனார். "அடடா, ஐயாவும் சேந்து செய்யறாரே! கைய ஊனாதீங்க ஐயா!"

"அண்ணே, ஏழு" என்று எண்ணினார் பூட்டுக்காரர்.

"வாய மூடுறா!" என்றவருக்கு மூச்சு வாங்கியது.

பத்தும் முடிந்தது. மூத்தார் நாற்காலியில் பொத்தென்று விழுந்து கண்ணை மூடினார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு விழித்தவர், நாற்காலிக் கையைப் பிடித்து முக்கி எழுந்தார்.

"பத்து ஆயிடுச்சேம்மா?" என்றார் டாக்டரம்மா.

"இது பயிற்சி இல்லீங்க" என்றாள். "சும்மா உக்காந்திருக்கேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்தாள். மூத்தார் நின்றுகொண்டிருந்தார்.