ரோபோவின் ஷிப்ட்

1992 கோடை லீவில், ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் எங்களுக்கு ஒரே விளையாட்டுதான். அருள்தாஸ் கதை சொல்வான். நானும் தாட்சாயிணியும் அதில் வீரர்கள். வெற்றி தோல்வியைத் தாயக்கட்டை சொல்லும்.

அன்று மந்திரவாதியின் குகை வாசலில் அருள்தாஸ் ஈட்டி பிடித்த ஒரு ரோபோவைக் காவலுக்கு நிறுத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மந்திரவாதி ஊட்ல ரோபோ எப்பட்றா?”

“வேற கிரகத்துலேர்ந்து வேலைக்கு வந்துகீது மச்சான். ஜெயிச்சுட்டு உள்ள போ.”

தாயம் விழவில்லை; என் வாள் முறிந்தது. தாட்சாயிணியின் மந்திரம் அதன் மார்பில் பட்டுத் தெறித்தது. அருள்தாஸ் சிரித்த சிரிப்புக்கு அவனை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

அப்போது ஃபாக்டரியில் சாயங்காலச் சங்கு ஊதியது.

தாட்சாயிணி எழுந்து, இல்லாத ரோபோவைப் பார்த்துக் கத்தினாள்: “இன்னா நின்னுகினு கீற? ஷிப்ட் முடிஞ்சிடுச்சு, ஊட்டுக்குப் போ!”

“ரோபோவுக்கு ஏது ஷிப்ட்?” என்றான் அருள்தாஸ்.

“வேலைக்கு வந்துகீதுன்னு நீதானே சொன்ன?”

கீழே, டிபன் பாக்ஸ் தொங்கும் சைக்கிளில் அருள்தாஸின் அப்பா தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார். அருள்தாஸ் அவரைப் பார்த்தான். பிறகு கதை சொல்லும் குரலில் சொன்னான்:

“ரோபோ ஈட்டியைச் சுவத்துல சாய்ச்சுட்டு, டிபன் பாக்ஸை எடுத்துகினு கெளம்பிடுச்சு.”