மாமாவின் தரவரிசை

மனித இனம் இதுவரை கட்டி எழுப்பிய அமைப்புகளில் அப்பழுக்கற்றது ஒன்றே ஒன்றுதான்: ஐந்து பேரும் ஐந்து பேரும் கைபேசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டின் தரவரிசை. நீதிமன்றம், தேர்தல், பரீட்சை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை. இதைச் சொன்னவன் ஜட்ஜ், அலுவலக உணவறையில், வாயில் ஒரு கவளத்தோடு. எதிரே இருந்தவர்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் சிரிக்கவில்லை. ஜட்ஜ் என்பது அவனுடைய உத்தியோகம் அல்ல. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மெஷின் சுற்றாததால் உலகமே சுற்றாமல் போனவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதுதான் உத்தியோகம். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வதால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

“நம்ம அப்ரைசலை எடுத்துக்கோ” என்றான். “மேனேஜர் பைக்கைத் துடைக்கறவன் ‘மிகச் சிறப்பு’. நான் வருஷா வருஷம் ‘எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி’. என்கிட்ட அவருக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அங்க அப்படியா? உன் மூஞ்சி அதுக்குத் தெரியாது. உங்கப்பா யாருன்னு தெரியாது. நீ குட்மார்னிங் சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான்.”

அமைப்பு எளிமையானது. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். உன்னைவிடக் கெட்டிக்காரனை ஜெயித்தால் நிறைய ஏறும். உன்னைவிடச் சொத்தையிடம் தோற்றால் மானத்தோடு சேர்ந்து நிறைய இறங்கும். புள்ளிகள் சேரச் சேரப் படிகள்: இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் இந்தப் பதக்கம் வெறும் சட்டைதான். உள்ளே, யாருக்கும் காட்டாத ஓர் எண் இருக்கிறது. நீ உண்மையில் யார் என்பது அதற்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் உனக்குச் சமமானவர்களாகப் பார்த்துப் பிடித்து எதிரே நிறுத்துகிறார்கள். சமமானவர்களோடு மோதினால் பாதி ஆட்டம் ஜெயிப்பாய், பாதி தோற்பாய். பாதிக்கு மேல் தோற்றுக்கொண்டே போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீ நேற்று இருந்த ஆள் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் ஜட்ஜ் மெல்லுவதை நிறுத்திவிடுவான்.

இந்த நீதிக்கு இரண்டு துரோகிகள் உண்டு என்பது அவன் கட்சி. ஒருவன், திறமைக்காரன் தோளில் உட்கார்ந்து மேலே போகிறவன். மற்றவன் அதைவிடக் கேவலம்: வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கி, அங்கே உள்ள அப்பாவிகளைச் சுட்டு வீரனாகிறவன். இந்த இரண்டாவது ரகத்துக்கு அவன் வைத்த பெயர் சறுக்குமரக் கட்சி. அப்படி ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் எந்த மூலையில் எப்படிச் சும்மா நின்றான் என்று விவரமாகப் புகார் எழுதுவான். அலுவலகத்துப் புகார்களில் அந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருந்தால் ‘மிகச் சிறப்பு’ தானாக வந்திருக்கும்.

அவனுடைய ஜோடி, மாமா. அக்காவின் கணவர். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் உள் மேசைக்காரர். கடையில் வெளி மேசை என்றால் கவர் விற்பது, கண்ணாடி ஒட்டுவது. உள் மேசை என்றால் பூதக்கண்ணாடிக்குக் கீழே, அரிசி உடைசலைவிடச் சின்னச் சில்லுகளைப் பிடுங்கி மறுபடி ஒட்டுவது. அக்கா வீட்டு முன்னறையில்தான் ஜட்ஜும் குடியிருந்தான். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பியதும் கட்டிலின் இரண்டு முனைகளில் கால் நீட்டி உட்காருவார்கள். “கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, இவனையான்னு ஒரு முடிவுக்கு வாங்க” என்று அக்கா குறுக்கே துடைப்பத்தோடு நடப்பாள். காலை மட்டும் தூக்கிக்கொள்வார்கள். மாமா அவசரமே படாத ஆட்டக்காரர். காத்திருந்து, ஒரே தடவை சுடுவார். இரண்டு பேரும் தங்கம்.

மாமா குறி தவற ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் ஒரு கணம் பிந்தினார். அப்புறம் துப்பாக்கி அவர் நினைத்த இடத்துக்கு வராமல் பக்கத்துச் சுவரைச் சுட்டது. “மாமா, கவனம் இங்க இல்ல” என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னான். “டச்சு சரியில்ல மாப்ள” என்றார் மாமா. அவர் தொழில் அப்படி. உலகத்தில் எது தவறினாலும் முதலில் சந்தேகப்படுவது திரையைத்தான். தன் கைபேசியைத் திறந்து திரையை மாற்றினார். ஒரு வாரம் கழித்து வேறு திரை போட்டார். அப்புறம் உள்ளே இருந்த பட்டை வயரை மாற்றினார். அதற்குள் வெள்ளிக்கு இறங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைபேசியில் டச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரையில் விரலால் கோடு இழுக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில் கோளாறு. மாமா கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்தார். கோடு மூன்று இடத்தில் அறுந்தது. “பாத்தியா? நான் சொன்னேன்ல” என்று வெற்றியோடு ஜட்ஜிடம் நீட்டினார். ஜட்ஜ் அதே இடத்தில் இழுத்தான். முழுக்கோடு. மாமா வாங்கி மறுபடி இழுத்தார். அறுந்தது. ஜட்ஜ் இழுத்தான். முழுக்கோடு. திரை நிறைய அவர்கள் இரண்டு பேருடைய கோடுகளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. “ஈரம் இருக்கும் கையில” என்று சொல்லி மாமா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை மேடாக இருக்க வேண்டிய இடம் அவருக்குக் குழிந்திருந்ததை ஜட்ஜ் அப்போதுதான் கவனித்தான்.

கவனித்தவன் என்ன செய்தான் என்றால், வேறு ஜோடி சேர்த்துக்கொண்டு வைரத்துக்கு ஏறினான். மாமா வெண்கலத்துக்கு இறங்கினார். பக்கத்துப் படிகளில் இருப்பவர்கள் மட்டும்தான் தரவரிசை ஆட்டத்தில் ஜோடி சேர முடியும். அதற்குமேல் இடைவெளி விழுந்தால் கூப்பிடும் பொத்தானின் மேல் ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமா அந்தப் பூட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “சிஸ்டம் சொல்றதை ஏத்துக்கணும் மாமா” என்றான் ஜட்ஜ். “நீங்க நேத்து இருந்த ஆள் இல்ல.” மாமா சிரித்தார்.

கடையில் மாமா ஒரு வாடிக்கையாளரின் திரையை இடுக்கி நழுவிக் கீறினார். பிறகு இன்னொன்று. முதலாளி நல்ல மனிதர். திட்டவில்லை, “கொஞ்ச நாள் வெளி மேசையில உக்காருங்க” என்றார். கண்ணாடி ஒட்டும் வேலை. ஒட்டிய கண்ணாடிக்குள் குமிழி நின்றது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் வந்து, “குடுங்கண்ணே” என்று வாங்கி, குமிழியை அட்டையால் தள்ளி வெளியேற்றிவிட்டுப் போனான். இதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனார்கள். ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அக்கா சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“கை மட்டும் இல்லையாம்டா. கையில ஆரம்பிக்குமாம்.”

“அப்புறம்?”

“கால். அப்புறம் பேச்சு. அப்புறம் முழுங்கறது. அதுக்கப்புறம் என்னன்னு நான் கேக்கல.”

“மருந்து?”

“இருக்காம். மோசமாகற வேகத்தைக் கொஞ்சம் கொறைக்குமாம்.” குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள். “அவர்கிட்ட நரம்பு பலவீனம், பயிற்சி செஞ்சா சரியாயிடும்னு சொல்லியிருக்கு. நான்தான் டாக்டரை அப்படிச் சொல்லச் சொன்னேன். நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்னேன். எப்படிடா சொல்றது? நீதான் எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்லுவியே, சொல்லு.”

ஜட்ஜ் கையை நீட்டிக் குழாயை மூடினான்.

மாமாவுக்கு மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். காலையில் அதைப் பிசைவார். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து தனியாக ஆடுவார். பந்து பிசைந்ததற்குப் பலன் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஆடினார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆட்டம் முடியும் ஒவ்வொரு தடவையும் திரையில் சிவப்பு அம்பு கீழ்நோக்கிக் காட்டும். அவர் அதை, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.

“மாப்ள, ஒண்ணு கேக்கறேன்” என்றார் ஒருநாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். “டாக்டர் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு நல்ல முன்னேற்றம்ங்கறாரு. உங்கக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, சரியாயிடும்ங்கறா. இது என்னை இரும்புங்குது.” கைபேசியைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். “இது பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்லுவ?”

 வேலையில் இப்படி ஒரு கேள்வி வந்தால், ‘உங்கள் நிலைமை புரிகிறது, கொஞ்சம் காத்திருங்கள்’ என்று சொல்லி இசையைப் போட்டுவிடலாம். இங்கே இசை இல்லை.

“தனியா ஆடறீங்கல்ல மாமா” என்றான். “தனியா ஆடறவனுக்கு அது கணக்குச் சரியா போடாது. கூட வர்ற நாலு பேரும் யாரோ எவரோ. அவனுங்க சொதப்பறதையும் சேத்து உங்க தலையில எழுதிடும்.”

“அப்படியா? நீ இதைச் சொன்னதே இல்லையே.”

“இப்பதான் மாத்தியிருக்கான்.”

மாமா யோசித்தார். “அப்ப சேந்து ஆடுனா ஏறுமா?”

“ஏறும்.”

“நீ வைரமாச்சே. பூட்டு போட்டிருக்கானே.”

“சும்மா ஆடற பக்கம் இருக்கே மாமா. அதுல யார் கூட வேணாலும் ஆடலாம்.”

“அதுல ஜெயிச்சா எங்க எழுதுவான்?” என்றார் மாமா. “எனக்கு விளையாட வேண்டாம்டா. எனக்குத் தெரியணும்.”

பந்து கட்டிலில் உருண்டு ஜட்ஜின் முழங்காலில் வந்து நின்றது. அவன் அதை எடுத்து அழுத்திப் பார்த்தான். பஞ்சு மாதிரி அமுங்கியது.

“கொஞ்ச நாள் பொறுங்க மாமா. நானும் இறங்கிட்டுத்தான் இருக்கேன். முன்ன மாதிரி ஆட வரல.”

“உனக்குமா?” மாமாவின் முகம் மாதக் கணக்கில் இல்லாத அளவுக்கு மலர்ந்தது. மலர்ந்ததை அவரே உணர்ந்து, அவசரமாகச் சுருக்கிக்கொண்டார். “மனசை விட்டுறாத. எல்லாருக்கும் அப்பப்ப வர்றதுதான். பந்து வேணும்னா நீயும் பிசை.”

மறுநாள் மதிய இடைவேளையில் ஜட்ஜ் உணவறைக்குப் போகவில்லை. மொட்டை மாடிக்கு ஏறும் படியில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கைபேசியைத் திறந்தான். ஆட்டம் தொடங்கியதும் நடுத்தெருவில் போய் நின்றான். முதல் குண்டு வந்ததும் விரல் தானாக ஒதுங்கப் பார்த்தது. கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான். வைரத்திலிருந்து இறங்குவது அவன் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. பதக்கம் மங்கினாலும் உள்ளே இருக்கும் எண் நம்ப மறுத்தது. இவன் இப்படிப்பட்டவன் அல்ல, ஏதோ கெட்ட நேரம் என்று பெருந்தன்மையாகக் கணக்குப் போட்டு, தோற்ற ஆட்டத்துக்கும் கொஞ்சமாகத்தான் புள்ளி குறைத்தது. நாள் தவறாமல் படியில் உட்கார வேண்டியிருந்தது.

“அண்ணே, உயிரோட இருக்கீங்களா?” என்று கூட ஆடுகிறவன் ஒருவன் கேட்டான். “எவனோ தூக்கிவிட்டு வைரத்துக்கு வந்த பார்சல்டா இது” என்றான் இன்னொருவன். தங்கத்துக்கு வந்த நாளில் ஒருவன் கெஞ்சினான். “பாஸ், இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடுங்க பாஸ். ஜெயிச்சா நான் மேல போயிடுவேன். உங்களைத்தான் நம்பியிருக்கேன்.” ஜட்ஜ் சத்தத்தைக் குறைத்தான். அந்த ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி எழும்பியது: வேண்டுமென்றே தோற்பதாக உங்கள் மீது ஒரு புகார் வந்துள்ளது, தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். முழுவதையும் படித்தான். கீழே ‘புரிந்தது’ என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினான்.

மாமாவின் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கடையில் அவருக்கு இப்போது வேலை அதிகம் இல்லை. பெயரின் மேல் பூட்டு அப்படியே இருந்தது; இன்னும் இரண்டு படி இறங்கினால்தான் அது திறக்கும்.

அடுத்த ஆட்டம். தன் ஆளை ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டு போய், செங்கல் சுவரைப் பார்த்து நிறுத்தினான். சுவரில் ஒவ்வொரு செங்கலுக்கும் தனித்தனியாகக் கீறல் வரைந்திருந்தார்கள். இத்தனை நாள் ஆடியும் அவன் பார்த்ததில்லை. பின்னாலிருந்து காலடிச் சத்தம் வந்தது. வந்தவன் சந்து முனையில் தயங்கினான். பொறியாக இருக்குமோ என்று நினைத்திருப்பான். பிறகு ஒவ்வோர் அடியாக நெருங்கினான். சுவரில் விழுந்த அவன் நிழல் ஜட்ஜின் ஆளுடைய நிழலைத் தொட்டது, மெதுவாக அதை மூடிக்கொண்டது. ஜட்ஜ் கட்டைவிரல் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.