இடது முட்டி

அரிசி ஆலையின் எண்ணெய்க் கொட்டகையில் மிக்லோஷ் ஒரு மரப்பெட்டியின்மேல் அமர்ந்து கால்களை நீட்டியிருந்தான். அவன்முன் குந்தியிருந்த குழந்தைவேலு, நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பிறக்கத் தேய்த்து, வலது கெண்டைச்சதையை மேலிருந்து கீழாக நீவிவிட்டான். மழை சற்று விட்டிருந்தது. மூட்டை சுமந்த கூலிகள் கொட்டகை வாசலைக் கடந்து, ஆற்றில் நின்ற சரக்குப் படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்கு அடியில் கழுத்து மடங்கியிருந்தாலும், கடக்கும்போது ஒவ்வொருவனும் உள்ளே ஒரு முறை பார்த்தான்.

"என்னா கொழந்த, தொரை காலு மணக்குதா?" என்றான் பொன்னுத்துரை.

"ஒங் கழுத்தவிடத் தேவலாம்ணே."

பொன்னுத்துரை சிரிக்கவில்லை. காறித் துப்பிவிட்டுப் பலகையில் ஏறினான்.

சென்ற மழைக்காலம் வரையில் குழந்தைவேலுவும் அந்த வரிசையில்தான் இருந்தான். சுமை இறக்கியபின் ஒருவர் கழுத்தை ஒருவர் நீவிவிடுவது கூலிகளின் வழக்கம். அதில் குழந்தைவேலுவின் கைக்குப் பெயர் இருந்தது. அவன்முன் முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரு நாள் பலகை புரண்டு மூட்டை அவன் முதுகில் விழுந்தது. அதன்பின் சுமையோடு நிமிர அவனால் முடியவில்லை. ஊருக்கு அனுப்பிவிட மேஸ்திரி பழனியப்பன் தீர்மானித்திருந்த சமயத்தில், ஆலையின் பந்தாட்டக் குழுவைக் கவனித்துவந்த தலைமை எழுத்தர் சொக்கலிங்கம் அவன் கையைக் கண்டார். மிக்லோஷின் காலுக்கு அவனை ஒதுக்கினார். வேறு யாருடைய உடம்பையும் தொடக் கூடாது என்பது நிபந்தனை, கை களைத்துவிடுமாம். அன்று மாலையும் வழக்கம்போல் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்த பொன்னுத்துரை, விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு, குழந்தைவேலு வருவதைக் கண்டால் கூலிகள் குடியிருந்த லயத்தில் பேச்சு நின்றுவிடும். அங்கே பேசுவதெல்லாம் எண்ணெயோடு சேர்ந்து ஆபீசுக்குப் போகிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

மிக்லோஷையும் யாரும் நம்பவில்லை. அவன் ஹங்கேரிக்காரன். பெயருக்கு நீராவி எந்திரத்தின் பிட்டர். உண்மையில் கோல் போடுவதற்காகக் கொண்டுவரப்பட்டவன். வெள்ளைக்காரன்தான், ஆனால் ரங்கூனில் வெள்ளையர் கிளப்பில் அவனுக்கு இடமில்லை. யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகளாகியும், எதிர்ப்பக்கம் துப்பாக்கி பிடித்தவனோடு ஒரே மேசையில் உட்கார மேனேஜர் துரை விரும்பவில்லை. அவன் ஊரில் அவன் போட்ட கோல்களை எண்ணுவதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள் என்று சொக்கலிங்கம் சொல்லிக்கொள்வார். குழந்தைவேலு அந்தக் கதையைத் தழும்புகளில் அறிந்திருந்தான். கணைக்கால் எலும்பின் வெட்டைத் தொட்டால் "புடாபெஸ்ட்" என்பான் மிக்லோஷ். கணுக்கால் புடைப்புக்கு "வியன்னா". பெருவிரல் நகம் போன இடத்துக்கு "திரியெஸ்தே". வலது முட்டிக்கு மட்டும் அவன் எந்த ஊரையும் சொன்னதில்லை. அந்த முட்டியின் பின்குழியில் எலுமிச்சம்பழம் போல் ஒரு வீக்கம் இருந்தது. காலை முழுதும் நீட்டினால் உள்ளே ஏதோ சொடுக்கியது. முன்னிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மழைக்காலம் முடிவதற்குள் மிக்லோஷின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதிய ஒப்பந்தப்படி ஆஸ்பத்திரிச் செலவும் திரும்பிப் போகும் கப்பலும் ஆலையின் பொறுப்பு. ஆகவே, ஒரு காலையில் சொக்கலிங்கம் குழந்தைவேலுவை ஆபீஸ் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"தொரை முட்டி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"எந்த முட்டி?"

"ரெண்டுந்தாங்க."

"போன ஆட்டத்துல நட்டுவச்ச கம்பம் மாதிரி நின்னானே. பந்துக்கு அவன் வெலாசம் எழுதிக் குடுக்கணுமா?"

"சேறுங்க. வழுக்குச்சுன்னாரு."

சொக்கலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "பொய்யின்னு பின்னால தெரிஞ்சுது, மறுபடி மூட்டதான். ஞாபகம் வச்சுக்க."

மெய் சொன்னாலும் மூட்டைதான் என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். மிக்லோஷ் போய்விட்டால் எண்ணெய்க் கொட்டகைக்கு ஆள் எதற்கு? அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். எந்திரக் கூடத்தின் வாசலில் மிக்லோஷ் ஸ்பேனரோடு நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கொட்டகையில் மிக்லோஷ் உடனே காலை நீட்டவில்லை.

"ரைட்டர் என்ன பேசு?" என்று கேட்டான். ஆலைக்கு வந்தபின் பொறுக்கிய தமிழ் அது.

"சும்மாங்க தொரை. மழை எப்ப விடும்னு கேட்டாரு."

மிக்லோஷ் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு இடது காலுறையைக் கீழே இறக்கி, முட்டியைத் தட்டிக் காட்டினான். "இது. ரொம்ப வலி. யாருக்கும் பேசாதே."

குழந்தைவேலு இடது முட்டியை அழுத்திப் பார்த்தான். சில்லு வழுவழுப்பாக நழுவியது. வீக்கமில்லை, சூடில்லை. அவன் கை தானாக வலது முட்டிக்குப் போனது. மிக்லோஷ் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துத் திரும்பவும் இடது முட்டியின்மேல் வைத்தான்.

"இது," என்றான்.

குழந்தைவேலு நோயில்லாத முட்டியை எண்ணெய் வற்றும்வரை நீவினான். சொல்லப்பட்டது பொய் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. எதற்காகச் சொல்லப்பட்டது என்பதுதான் விளங்கவில்லை.

வீட்டில் சோற்றைப் போடும்போது மனைவி நீலாம்பாள் அவன் மணிக்கட்டின் சிவப்பைக் கண்டாள்.

"யாரு கூடச் சண்ட?"

"சண்ட இல்ல. தொரைக்கு இடது முட்டி வலியாம். இறுக்கிப் பிடிச்சுட்டாரு. வெளிய சொல்லாத."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? எங்கூட யாரு பேசுறா?"

ஆனால் மறுநாள் பேசினார்கள். மூட்டைகளின் வாயைச் சணல் நூலால் தைக்கும் பெண்களின் வரிசையில், மேஸ்திரியின் மனைவி சொர்ணம்மாள் ஊசியைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"இருந்தாலும் கொடுத்துவச்சவ நீ. மத்தவ புருசன்லாம் முதுகு ஒடியச் செமக்கிறான். ஒம் புருசன் வெள்ளக்காரன் கால நீவிக்கிட்டு குந்தியிருக்கான்."

பெண்கள் சிரித்தார்கள். நீலாம்பாள் தையலிலிருந்து நிமிர்ந்தாள்.

"குந்தியிருக்கிறது லேசுப்பட்ட வேலையாக்கா? தொரைக்கு இடது முட்டி போயிருச்சு. எங்க வீட்டாளு கை இல்லைன்னா அந்த மனுசன் மைதானத்துல காலு வைக்க மாட்டாரு. அப்புறம் கோலு போட மேஸ்திரி போவாரா?"

இம்முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. சொர்ணம்மாள் மட்டும் ஊசியை மூட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த நாள் சம்பான் படகில் ஆற்றைக் கடந்து ரங்கூனிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆலை இருந்த டாலாக் கரைக்கு வந்தார். ஆபீஸ் அறையில் மிக்லோஷை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேசையில் ஒப்பந்தத் தாள் கிடந்தது. குழந்தைவேலு எண்ணெய்க் குப்பியோடு வாசலருகே நிற்கவேண்டும் என்பது சொக்கலிங்கத்தின் உத்தரவு.

"இடது முட்டி," என்றார் சொக்கலிங்கம் ஆங்கிலத்தில்.

மிக்லோஷ் டாக்டரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, வாசலில் நின்றவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. விட்டெறிந்த பந்து எங்கே விழும் என்று முன்பே கணக்கிட்டிருந்தவனுடைய பார்வை அது. இடது முட்டியின் பொய் எதற்காக என்பதும், நீலாம்பாளிடம் தான் சொன்னதும் குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தன.

டாக்டர் இடது முட்டியை மடக்கினார், நீட்டினார், விரலால் தட்டினார். அடுத்த சம்பானைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு இருந்தது. குதிரைக்குக்கூட இப்படியொரு முட்டி அமையாது என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போனார். சொக்கலிங்கத்தின் காதுகள் சிவந்திருந்தன.

"இங்க வாடா. ஒங்கையாலதானே தெனம் புடிக்கிற? கையெழுத்து ஆகறதுக்கு முன்னால கேக்குறேன், எங்க கோளாறு?"

குழந்தைவேலு வாயைத் திறந்தான். மிக்லோஷின் உள்ளங்கை வலது காலுறையின்மேல், முட்டியை மூடியபடி, தற்செயலாக வைத்ததுபோல் இருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"ரெண்டும் நல்லா இருக்குங்க," என்றான் குழந்தைவேலு.

"அப்ப ஒம் பொண்டாட்டி ஊரெல்லாம் சொன்னாளே?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எங்கிட்ட ஒண்ணு, லயத்துல ஒண்ணு. டாக்டர் முன்னால என்ன முட்டாளாக்கிட்ட. நாளைக்கிப் பழனியப்பன்கிட்டப் போய் நில்லு. எண்ணெ தேய்க்க இந்த ஆலையில வேற கை இல்லாமப் போகல."

மிக்லோஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான். மை உலரும்வரை காத்திருந்து எழுந்து, வாசலில் நின்று, குழந்தைவேலுவின் கையிலிருந்த குப்பியை எடுத்துக்கொண்டான்.

"நீ பேசு," என்றான்.

"நா சொல்லல தொரை. ரைட்டர்கிட்ட நா..."

மிக்லோஷ் குப்பியின் தக்கையை அழுத்தி மூடிவிட்டு எந்திரக் கூடத்துக்கு நடந்தான். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அவன் நடையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

குழந்தைவேலு பலகையில் ஏறத் தொடங்கினான். முதல் நாள் பாதிப் பலகையில் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். பெல்ட்டைப்போல் ஒரு துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் தாங்கியது. சுமை இறக்கியபின் அவன் கழுத்தை நீவிவிட ஒருவரும் வரவில்லை. அவனிடம் கழுத்தைக் காட்டவும் ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை ரங்கூன் மைதானத்தில் ஆலைக்கு வெற்றி. மிக்லோஷ் ஓடவேயில்லையாம், கோல் முன்னால் நின்றபடியே, வந்த பந்தையெல்லாம் தலையால் உள்ளே தள்ளினானாம். சம்பான்கள் டாலாக் கரையைத் தொட்டபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலையைச் சுற்றி வரவேண்டும் என்றார் சொக்கலிங்கம். பழனியப்பன் உயரத்தைப் பார்த்து ஆட்களைப் பொறுக்கினார்.

"பொன்னு, நீ இந்தப் பக்கம். கொழந்த, அந்தப் பக்கம் நீ."

"எனக்கு முதுகு..."

"மூட்டையவிடவா கனம்? தூக்குடா."

இருவரும் குனிந்தார்கள். மிக்லோஷின் வலது தொடை குழந்தைவேலுவின் தோளில் ஏறியது. நிமிரும்போது இடுப்பில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் கிழிந்தது. கால் அவன் மார்பின்மேல் தொங்கி ஆடியது. அது ஆடும்போதெல்லாம் மேலே மிக்லோஷுக்கு மூச்சு அறுந்து அறுந்து வந்தது. குழந்தைவேலு ஒரு கையால் கணுக்காலைப் பற்றி, மறு கையை முட்டியின் பின்குழிக்குக் கொடுத்தான். ஈரக் காலுறையைத் தாண்டி உள்ளங்கையில் சூடு ஏறியது. வீக்கம் இப்போது எலுமிச்சை அளவைத் தாண்டியிருந்தது.

மிக்லோஷின் விரல்கள் அவன் தலைமுண்டாசைப் பிடித்தன. பிடித்தவை அப்படியே இறுகி நின்றன. துரை குனிந்து பார்க்கவில்லை. மறு கையைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

நெற்களத்தையும் எந்திரக் கூடத்தையும் சுற்றி ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது குழந்தைவேலுவின் முதுகு வளைந்திருந்தது. இறக்குவதற்காக அவன் ஒரு முழங்காலை மடக்கினான். மேனேஜர் துரை மாடி வராந்தாவுக்கு வந்திருப்பதைச் சொக்கலிங்கம் கண்டார்.

"இன்னொரு சுத்து!" என்று கையைத் தட்டினார்.

குழந்தைவேலு மடக்கிய காலை நிமிர்த்தி, மிக்லோஷின் வலது முட்டி ஆடாதபடி பிடித்துக்கொண்டு, திரும்பி நடந்தான்.