ஜிவிலேயின் பின்னால் யாரும் இல்லை

ஜிவிலே பதினோரு ஆண்டுகளாகச் சாலைச் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறாள். ஒன்றில்கூட முதலில் வந்ததில்லை. அவளுடைய வேலை அதுவல்ல. அவளுடைய அணியின் தலைவி இத்தாலிக்காரி ஒர்னெல்லா. அவளுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தாங்கி, கடைசி இருநூறு மீட்டரில் வலப்பக்கம் விலகி வழிவிடுவதற்குத்தான் ஜிவிலேக்குச் சம்பளம். அந்த ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது. வேறோர் அணி கேட்டிருந்தது. ஒரு வெற்றியாவது காட்டினால்தான் கையெழுத்து என்றது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மிச்சமிருந்தது ஒரே பந்தயம்: எங்கள் பானெவேஜிஸ் நகரச் சைக்கிள் அரங்கில் நடந்த ஐரோப்பியப் புள்ளிப் பந்தயம்.

சாலையில் சம்பளம் தரும் அணிக்காக ஓட்டுவார்கள்; அரங்கின் மரத்தடத்தில் நாட்டுக்காக. ஆகவே அன்று ஒர்னெல்லா எதிரி. இது எல்லோருக்கும் தெரியும். ஜிவிலேயின் கால்களுக்குத்தான் தெரியவில்லை.

நான் அவளுடைய சைக்கிள் மெக்கானிக்; அன்று புள்ளிக் கணக்கும் என் பொறுப்பு. என் கூட்டலை நானே நம்புவதில்லை என்பதால் இரண்டு தாள்களில் எழுதினேன். மொத்தம் நூறு சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை முதலில் கோட்டைத் தாண்டும் நால்வருக்கு ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று. கடைசிச் சுற்றில் அது இரட்டிப்பு. மற்ற ஓட்டிகளின் கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் இருபது.

பத்தாவது சுற்றின் கடைசி வளைவில் ஜிவிலே முன்னால் வந்தாள். பின்னால் ஒர்னெல்லா. கோட்டுக்குச் சற்று முன் ஜிவிலே, பதினோரு ஆண்டுப் பழக்கத்தில், அழகாக வலப்பக்கம் விலகினாள். ஒர்னெல்லாவுக்கு ஐந்து, அவளுக்கு ஒன்று.

முப்பதாவது சுற்றிலும் அதேதான். பக்கத்திலிருந்த போலந்து மெக்கானிக் என்னிடம் குனிந்து, "உங்க பொண்ணை எங்களுக்கும் ஒரு நாள் வாடகைக்கு விடுங்களேன்" என்றான். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது சுற்று முடிந்தபோது ஒர்னெல்லா பதினெட்டு, ஜிவிலே மூன்று.

கோச் ரோலாந்தாஸ் தடத்தின் ஓரத்துக்கு இறங்கினார். அந்த வேகத்தில் ஓட்டுபவள் எங்களைக் கடக்க அரை நொடிதான் ஆகும். அடுத்து வரப் பதினெட்டு நொடி. அதனால் ஒரு வாக்கியத்தைச் சுற்றுக்கு ஒரு துண்டாகத்தான் சொல்ல முடியும். முதல் சுற்றில், "உன் பின்னாடி" என்றார். அடுத்ததில், "யாராவது இருந்தாத்தானே". மூன்றாவதில், "விலகுவே".

நான்காவது சுற்றில் சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஏற்கெனவே தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

யாரும் துரத்தவில்லை. அவள் யாருக்கோ பாதை போடுகிறாள் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அறுபதாவது சுற்றின் ஐந்து புள்ளியை ஒற்றை ஆளாக எடுத்தாள். இடைவெளி கால் சுற்றானது, அரைச் சுற்றானது. ஒர்னெல்லா பதறிக் கூட்டத்தை இழுக்கத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. அறுபத்தெட்டாவது சுற்றில் ஜிவிலே கூட்டத்தின் வாலைத் தொட்டாள். இருபது.

பிறகு மூச்சு வாங்க அவள் கடைசியில் ஒதுங்கியிருந்தாள். ஒர்னெல்லா புள்ளி புள்ளியாகப் பொறுக்கினாள். தொண்ணூறு சுற்றில் ஒர்னெல்லா முப்பத்தொன்று, ஜிவிலே இருபத்தெட்டு.

"முதல்ல வந்தா போதுமா?" என்றார் கோச்.

நான் இரண்டு தாள்களையும் கூட்டினேன். "ஒரு புள்ளியில ஜெயிப்பா. கணக்கு சரியா இருந்தா."

"சரியா இருக்கட்டும்."

மணி அடித்தது. அந்தக் கடைசிச் சுற்றில் காற்றைத் தாங்கியவள் ஒர்னெல்லா. நிழலில் வந்தவள் ஜிவிலே. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஜிவிலே வலப்பக்கம் நகர்ந்தாள். ஆனால் அவள் வழிவிட நகரவில்லை, முந்த நகர்ந்தாள். அரைச் சக்கரம்.

பெரிய பலகையில் 38, 37 என்று வந்தது. என் இரண்டு தாள்களிலும் அதே கணக்கு.

ஒர்னெல்லா அருகே வந்து ஓட்டிக்கொண்டே ஜிவிலேயின் கழுத்தில் கைபோட்டாள். "இத்தனை வருஷம் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள். ஜிவிலே, "உன் முன்னாடிதான்" என்றாள்.

அரங்கம் எழுந்து நின்று கால்களால் தரையை உதைத்தது. கொடியைத் தோளில் போட்டுக்கொண்ட ஜிவிலேக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வென்றவள் வழக்கமாக வேறொருத்தி. எங்களைக் கடக்கையில், "எத்தனை சுத்து சுத்தணும்?" என்று கத்தினாள்.

கோச் பதினெட்டு நொடி காத்திருந்து, "உனக்கு எத்தனை வேணுமோ" என்றார்.

ஒன்பது சுற்றினாள். இரண்டு தாள்களிலும் குறித்துக்கொண்டேன்.