தேவைக்கு மேல் குளிர்

“தண்ணி வேண்டாங்க, கொஞ்சம்...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. டம்ளரும் கையுமாக நின்றார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கொஞ்சம் என்ன? தலையணையை உயர்த்த வேண்டுமா, ஜன்னலைச் சாத்த வேண்டுமா, முதுகைச் சொறிந்துவிட வேண்டுமா? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி எல்லாவற்றுக்கும் இல்லை என்று கண்ணை அசைத்தாள். கடைசியில் சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர் இப்படி அணைவது அன்றைக்கு மட்டும் ஆறாவது தடவை.

நரம்பு நோய். முதலில் நாக்கைத்தான் பிடிக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மூன்றாம் வகுப்புக்கு அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பள்ளிக்கூட வாசல் வரை கேட்கும். அந்தக் குரல் குழறத் தொடங்குவதற்கு முன், நாற்பது நாள் மைக் முன்னால் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பேசி அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தாள். “ஆஸ்பத்திரியில குடுத்த லிஸ்ட்ல வெறும் நன்றியும் வணக்கமுமா இருக்கு. திட்டு இல்லாம நீங்க உருப்பட மாட்டீங்க” என்று திட்டுகளைத் தனியாக எழுதிவைத்துக்கொண்டு படித்தாள். இப்போது வலது கை ஆள்காட்டி விரல் மட்டும்தான் அவள் பேச்சைக் கேட்கிறது. அந்த விரலால் பொத்தானை அழுத்தி எழுத்து எழுத்தாகப் பொறுக்குவாள். பதிந்து வைத்ததைக் கொண்டு கம்ப்யூட்டர் அதை அவள் குரலிலேயே சொல்லும். அடுப்படியில் இருக்கும்போது அந்தக் குரல் கேட்டால், அவள் எழுந்து நடமாடுகிறாள் என்றே அவருக்குச் சில சமயம் தோன்றிவிடும்.

தகரக் கூரை. அந்தக் கோடையில் மனிதனுக்கே மூளை உருகியது. கம்ப்யூட்டர் கடைக்காரர் தூசி தட்டினார், விசிறி மாற்றினார், உதட்டைப் பிதுக்கினார். “பழைய போர்டுண்ணே. சூடு தாங்காம தானா அணைஞ்சுக்குது. முதல்ல அக்கா குரலை ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க.”

“பண்ணிக்கலாம்” என்றார் மெக்கானிக். அவர் மனம் அதற்குள் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதானே இருபத்தாறு வருஷமாக அவர் பிழைப்பு?

யாரோ வேண்டாமென்று கழித்த சின்ன ஃபிரிட்ஜிலிருந்து கம்ப்ரசரைக் கழற்றினார். தீப்பெட்டி அளவுக்குச் செம்பில் ஒரு டப்பா பற்றவைத்து, அதைக் கம்ப்யூட்டரின் மூளைமேல் உட்காரவைத்து, செம்புக் குழாய் இழுத்து, கேஸ் ஏற்றினார். குளிர்ந்த இடம் வேர்க்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டப்பாவைச் சுற்றிக் கறுப்பு ஃபோமை நெருக்கி ஒட்டினார். இரண்டு நாள் சாப்பாடு தண்ணீர் மறந்த வேலை. அறையில் முப்பத்தொன்பது டிகிரி, டப்பாவில் இருபது. கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் பேசியது. நாள் முழுக்கப் பேசினாள் அவள். பழைய வம்பு, பக்கத்து வீட்டுச் சண்டை, அவர் சட்டையில் மாறிப் போட்டிருந்த பொத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கை சும்மா இருக்கவில்லை. தினமும் குளிர் கூட்டும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பதினைந்து. பத்து. நாலு டிகிரி வந்த அன்று, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினார்.

“போதுங்க” என்றது அவள் குரல். “அது என்ன, ஐஸ்கிரீமா?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தாரே தவிர, திருகைப் பின்னால் திருப்பவில்லை.

பதினோராம் நாள் பிற்பகலில், எதிர்பாராமல் மழை இறங்கியது. “ஜன்னலைத் திறங்க, பாக்கணும்” என்றாள். இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார். ஈரக்காற்று குபீரென்று உள்ளே வந்தது. இருவரும் மழையைப் பார்த்தார்கள். அரைமணி நேரம் இருக்கும். “நாம முத முதல்ல பாத்தப்ப...” என்று அவள் ஆரம்பித்தாள். பட்டென்று ஒரு சத்தம். கருகல் நாற்றம். திரை இருண்டது.

மூடியைத் திறந்தார். ஃபோமின் பின்பக்கம் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. அந்த இடுக்கில் முத்து முத்தாக நீர். போர்டு முழுக்க ஓடி, கீழே மின்சாரப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. ‘ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து போட்டா உள்ள வேர்க்கும்மா’ என்று எத்தனை வீட்டுப் பெண்களை அதட்டியிருப்பார்!

கடைக்காரர், குரல் பதிந்திருந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார், பெரிய கடைக்கு அனுப்பிப் பார்த்தார். நான்காம் நாள் இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “டிஸ்க்கும் சேர்ந்து எரிஞ்சிருச்சுண்ணே. காப்பி எடுத்தீங்கல்ல?”

“பண்ணிக்கலாம்னு இருந்தேன்” என்றார் இவர்.

“போன்ல, கல்யாண வீடியோல... அக்கா பேசினது ஏதாவது?”

இருந்தது. யார் கல்யாணத்திலோ பதினோரு விநாடிச் சிரிப்பு. அப்புறம் குழறத் தொடங்கிய பிறகு எடுத்த ஒன்று. அதை அழிக்கச் சொல்லி அவளே அழுதாள். அவரும் அழித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கண்கள் அவர் முகத்தில் நிலைகுத்தின. “பார்ட்ஸ் வரணுமாம். பத்து நாள் ஆகும்” என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வருஷக்கணக்காகப் பொய் சொல்லும் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“போயிடுச்சும்மா. எல்லாம் போயிடுச்சு. நீ போதும்னு சொன்னே. நான்தான் கேக்கல.”

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டார். மறுபடி வழிந்தது. பிறகு அவர் எழுந்து, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பெரிது பெரிதாக எழுத்துகளை வரிசையாக எழுதினார். அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“நான் ஒவ்வொண்ணா தொடறேன். வேணும்கிற எழுத்து வந்தா கண்ணை மூடித் திற. திட்டணும்னாலும் திட்டு. என்ன?”

விரலை வைத்தார். “அ... ஆ... இ...” கண் அசையவில்லை. உயிரெழுத்து முடிந்தது. “க... ங... ச...” மெதுவாகப் போனார், ஒவ்வோர் எழுத்திலும் நின்று. கடைசி எழுத்துக்கும் வந்தார். அவள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தாளை அல்ல.

விரலைத் தூக்கி மறுபடி முதல் எழுத்தில் வைத்தார்.

“அ...” என்றார்.